சாஸ் கொஞ்சம் கம்மியா

மார்ச் 4, செவ்வாய்

கறுப்புக் குடை என்றார் வந்தவர். என் அலமாரியில் கறுப்புக் குடைகள் ஒரு கட்டு இருக்கின்றன. பிடி எப்படி இருக்கும் என்று கேட்டேன். மரப்பிடி என்றார். மடக்குக் குடையா, நீளமானதா? சற்று யோசித்துவிட்டு மடக்குக் குடை என்றார். அப்படி ஒன்று இங்கே இல்லை என்றதும், வேறு கறுப்புக் குடை இருந்தால் காட்டச் சொன்னார். வேறு என்றால் என்ன அர்த்தம்? அனுப்பிவிட்டேன்.

ஒரு குடைக்காகப் பொய் சொல்வானா மனுஷன்? சொல்வான். மெட்ரோ ரயில் ஓட்டிக்கொண்டிருந்தவரை எனக்கு இது தெரியாது. ஓட்டுநர் அறையில் உட்கார்ந்தால் எதிரே தண்டவாளமும் சிக்னலும்தான். இரண்டும் பொய் சொல்லாது. பிளாட்பாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, கண் இருட்டி, எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்துபோன அன்றோடு அந்த வேலை நின்றது. இப்போது பயணிகள் தொலைத்த பொருள்களுக்குக் காவல்.

ரத்தசோகை என்றார்கள். பிறகு, சோகைக்குக் காரணம் கோதுமை என்றார்கள். கோதுமை, பார்லி எது உள்ளே போனாலும் அதிலிருக்கும் க்ளூட்டன் என் குடலுக்கு ஆகாதாம். குடல் புண்ணாகி, சாப்பிடுவது எதுவும் உடம்பில் ஒட்டாதாம். ஆயுசுக்கும் தொடக்கூடாது. ரத்தத்தில் அதற்கான எதிர்ப்புப் பொருளின் அளவு இறங்கினால்தான் மறுபடி வண்டியைத் தருவார்கள்.

இறங்கும். வீட்டில் கோதுமை மாவு டப்பாவையே தூக்கிப் போட்டாயிற்று.

மார்ச் 8, சனி

வாரம் ஒரு வேளை வெளியே சாப்பிடுவது கல்யாணமான நாளிலிருந்து வழக்கம். அதை விட இரண்டு பேருக்கும் மனசில்லை. வணிக வளாகத்து மாடியில் இருக்கும் விளக்குக்கடைக்குத்தான் போவோம். வாசலில் சிவப்புக் காகித விளக்குகள் தொங்குவதால் நாங்களாக வைத்த பெயர். ஊர் முழுக்கக் கிளை இருக்கிறது. நூடுல்ஸ், ஃப்ரைட் ரைஸ், சூப்.

அரிசி நூடுல்ஸ் இருக்கிறதே, உனக்கு என்ன கவலை என்றார் இவர். கவலை அரிசியில் இல்லை, சோயா சாஸில். அதில் கோதுமை சேரும் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. கோழியை அதில்தான் ஊறப்போடுவார்கள். கோதுமை நூடுல்ஸ் வெந்த தண்ணீரிலேயே அரிசி நூடுல்ஸையும் போட்டு எடுப்பார்கள். ஒரே சட்டியில் எல்லாவற்றையும் புரட்டுவார்கள். இதையெல்லாம் இவரைத் திருப்பிச் சொல்லவைத்துத்தான் கவுண்டருக்கு அனுப்பினேன். வரிசையில் நின்றால் எனக்குத் தலை சுற்றும் என்று எப்போதும் இவர்தான் போவார். நான் மேசை பிடித்து வைப்பேன்.

திரும்பி வந்து, "சொல்லிட்டேன்" என்றார். நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

வயிறு. காலையிலிருந்து கட்டிலுக்கும் பாத்ரூமுக்குமாக. தலைக்குள் பஞ்சை அடைத்த மாதிரி இருக்கிறது. சொல்லியும் இப்படி என்றால், அந்த அடுப்படியில் யாரோ காது கேட்காத ஆள் நிற்கிறானா?

மார்ச் 12, புதன்

மெட்ரோ மருத்துவமனை. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினால் நல்ல செய்தி இல்லை. கழற்றினார். அளவு இறங்கவே இல்லையாம். மெதுவாகத்தான் இறங்கும், ஆனால் அசையாமல் நிற்பது என்றால் எங்கேயோ கோதுமை உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது என்றார். நான் தொடுவதே இல்லை என்றேன். தலையை ஆட்டினார். அந்த ஆட்டலை எனக்குத் தெரியும். நானே ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு அப்படி ஆட்டுகிறேன்.

வீட்டுக்கு வந்து சமையலறை அலமாரியைக் கவிழ்த்துப் போட்டேன். பெருங்காய டப்பாவின் பின்னால் பொடி எழுத்தில் "கோதுமை மாவு" என்று இருக்கிறது. பெருங்காயத்திலுமா? அது குப்பைக்குப் போனது. ரொட்டி வாட்டும் மெஷின் இவருடையது, பரண்மேல் ஏறியது.  அப்போ இனிமே நான் ரொட்டியே சாப்பிடக்கூடாதா என்று மட்டும் கேட்டார் இவர். ஆபீஸில் சாப்பிடுங்கள் என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

நேற்றும் விளக்குக்கடை. இன்று ஒன்றும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை? அதுவும் புரியவில்லை. "பார்த்தியா, எல்லாம் மனசுதான்" என்றார் இவர். நல்லவிதமாகத்தான் சொன்னார்.

மார்ச் 19, புதன்

என் கைப்பையை யாரோ துழாவியிருக்கிறார்கள். எதுவும் போகவில்லை. சீப்பு எப்போதும் பையின் முன் அறையில் இருக்கும், இன்று பின் அறையில் கிடந்தது. கவுண்டரில் பையைப் பூட்டித்தான் வைக்கிறேன். பின்னே?

மார்ச் 23, ஞாயிறு

மறுபடியும். இந்தத் தடவை கை விரலெல்லாம் மரத்துப்போனது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நேற்று தட்டு வந்ததுமே சந்தேகம்தான். நூடுல்ஸ் தேன் நிறத்தில் இருந்தது. சோயா சாஸ் இல்லாமல் அந்த நிறம் எப்படி வரும்? இவரிடம் கேட்டேன். "அது வேற சாஸா இருக்கும்" என்றார். இருக்கும் என்று நானும் சாப்பிட்டேன். பசி. நம்பிக்கை இல்லை, பசிதான்.

இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கடையில் சொல்வதற்கெல்லாம் சரி சரி என்று மண்டையை ஆட்டிவிட்டு, உள்ளே எல்லாவற்றையும் ஒரே சட்டியில் வாரிப் போடுகிறார்கள். கேட்டது வேறு, வருவது வேறு. யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியம். என் குடலுக்குத் தெரிகிறதே.

ஏப்ரல் 2, புதன்

விசில் அக்கா வந்தாள். என்னோடு வண்டி ஓட்டியவள், எனக்கு மூத்தவள். நடக்கும்போதெல்லாம் விசிலடிப்பாள், அதனால் டிப்போவில் அந்தப் பெயர். கவுண்டரில் எட்டிப் பார்த்து, தொலைந்துபோன ஓட்டுநர் ஒருத்தி இங்கே இருக்கிறாளாமே, நிறம் கறுப்பு, வாய் நீளம், எடுத்துக்கொண்டு போக வந்திருக்கிறேன் என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தேன்.

மத்தியானம் டிப்போ பக்கத்து விளக்குக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். மாட்டேன் என்றேன். நான் இருக்கேன் வாடி என்றாள். வரிசையில் நின்று கவுண்டர் பையனிடம் தெரு முழுக்கக் கேட்கிற குரலில், இவளுக்குக் கோதுமை ஆகாது, பட்டால் நாளைக்கு நான்தான் இவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும், புரிஞ்சுதா என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. பையன் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல் ஒரு பட்டனைத் தட்டினான். வந்தது மஞ்சள் தட்டு! மற்றவர்களுக்கெல்லாம் வெள்ளை. தனிச் சட்டி, தனி சாஸ், மாறிவிடக் கூடாதென்று தட்டுகூட வேறு நிறம் என்றான் கொண்டுவந்தவன்.

தட்டுக்கு நிறம் மாற்றினால் ஆயிற்றா? உள்ளே என்ன நடந்ததோ. பாதிதான் சாப்பிட்டேன். மீதியை அக்கா முடித்தாள்.

ஏப்ரல் 3, வியாழன்

ஒன்றும் ஆகவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

இன்றும் ஒன்றும் இல்லை. அப்படியானால் எங்கள் கிளையில்தான் திருட்டுத்தனம். இவ்வளவு நாளில் மஞ்சள் தட்டை அங்கே கண்ணால்கூடப் பார்த்ததில்லையே.

ஏப்ரல் 8, செவ்வாய்

வேலை முடிந்து நேரே வணிக வளாகத்துக்குப் போனேன். தனியாக. இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் எதற்கு வம்பு, வேறு கடைக்குப் போவோம் என்பார்.

கிளை மேலாளர் சின்னப் பெண். நான் கத்தத் தயாராகப் போயிருந்தேன். அவள் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, முழுதும் கேட்டாள். பிறகு அடுப்படிக் கதவைத் திறந்து காட்டினாள். கதவுக்குப் பக்கத்திலேயே மஞ்சள் தட்டுகள் அடுக்கியிருந்தன. தனியாகத் தொங்கிய ஒரு சட்டி, மூடிபோட்ட சாஸ் புட்டி. எல்லாம் இருக்கிறது. இருந்தும் ஏன் எனக்குக் கொடுப்பதில்லை என்று கேட்டேன்.

"நீங்க கேட்டதே இல்லையே மேடம்" என்றாள்.

என் கணவர் ஒவ்வொரு வாரமும் சொல்லிவிட்டுத்தான் வருகிறார் என்றேன். அவளுக்கு இவரைத் தெரிந்திருக்கிறது. சனிக்கிழமைதோறும் வருகிற முகம். 

"சார் அப்படி எதுவும் சொன்னதில்ல மேடம். சாஸ் கொஞ்சம் கம்மியான்னுதான் சொல்வார்."

எழுந்து வந்துவிட்டேன். தன் கடைமேல் பழி வந்துவிடும் என்று அடுத்தவர் மேல் தள்ளிவிடுகிறாள். எவ்வளவு சாமர்த்தியம். தண்ணீர் வேறு கொடுத்தாள்.

ஏப்ரல் 9, புதன்

சாஸ் கொஞ்சம் கம்மியா. இதை அவள் கற்பனையாகச் சொல்லியிருக்க முடியுமா?

இவர் பேசுகிற மாதிரியே இருக்கிறது. அதுதான் பிரச்சினை. எதையும் முழுசாகக் கேட்க மாட்டார், கொஞ்சமாகத்தான் கேட்பார். முடி வெட்டுகிற இடத்தில்கூட.

இல்லை. சொல்லாமல் சொல்லிட்டேன் என்பாரா? எதற்கு? எனக்கு என்ன ஆகிறது என்று கூடவே இருந்து பார்க்கிறவர். வெந்நீர் போட்டுக் கொடுக்கிறவர். அந்தப் பெண்தான் பொய் சொல்கிறாள்.

"அது வேற சாஸா இருக்கும்." வேற சாஸ் என்று சொல்லவில்லை. இருக்கும் என்றார். குடை கேட்டு வருகிறவர்கள் பேசுகிற பேச்சு அது.

ஏப்ரல் 12, சனி

எழுதிவிட்டுத்தான் மற்ற வேலை.

எப்போதும் போலப் போனோம். எப்போதும் போல மேசை பிடித்தேன். இவர் வரிசையில் நின்றதும் எழுந்து, கவுண்டருக்கு அடுத்த தூணுக்குப் பின்னால் கை துடைக்கும் காகிதம் வைத்திருக்கும் இடத்துக்குப் போனேன். கட்டின புருஷனை ஒளிந்து நின்று வேவு பார்க்கிறேனே என்று கூசியது. ஆனாலும் நின்றேன்.

ஒரு காளான் நூடுல்ஸ், ஒரு கோழி போட்ட அரிசி நூடுல்ஸ் என்றார். அரிசி நூடுல்ஸில் சாஸ் கொஞ்சம் கம்மியா என்றார். சரி, அந்த மேலாளர் பெண் பொய் சொல்லவில்லை. அதோடு முடிந்திருந்தால்கூட, மறந்துவிட்டார், அவசரம் என்று எதையாவது சொல்லி என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருப்பேன். ஆனால் கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள். எல்லோரிடமும் கேட்கிற கேள்வி போலிருக்கிறது, நிமிராமலே கேட்டாள்.

"அலர்ஜி ஏதாவது இருக்கா சார்?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

நான் போய் மேசையில் உட்கார்ந்துகொண்டேன்.  இவர் வந்தார். நான் கேட்கவே இல்லை, தானாகவே "சொல்லிட்டேன்" என்றார்.

தட்டு வந்தது. வெள்ளைத் தட்டு. தொடவில்லை. வேலையில் என் கவுண்டருக்குக் குடை தேடி வருகிறவர்களைக் கேட்கிற மாதிரியே கேட்டேன். என்ன சொன்னீங்க? எப்பவும் சொல்றதுதான் என்றார். அந்தப் பொண்ணு உங்ககிட்ட ஏதாவது கேட்டாளா? என்ன கேட்கப் போறா என்றார். காது மடல் சிவந்துவிட்டது.

"அலர்ஜி இருக்கான்னு கேட்டா. நீ என்ன சொன்ன?"

நீ. இத்தனை வருஷத்தில் இவரை நீ என்றதே இல்லை. வந்துவிட்டது.

 இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். முதல் தடவை சொன்னாராம், எல்லாவற்றையும், நான் சொல்லிக்கொடுத்தபடியே. அந்தப் பையனுக்குப் புரியவில்லை, இன்னொருவனைக் கூப்பிட்டான், அவன் உள்ளே போய்க் கேட்டு வந்தான். வரிசை நீண்டுபோய், பின்னால் நின்ற ஆள், இவ்வளவு வியாதியை வைத்துக்கொண்டு எதற்குக் கடைக்கு வருகிறார்கள் என்று யாரிடமோ சொன்னாராம். இவருக்கு உடம்பே கூனிப்போய், பரவாயில்லை, சாஸ் மட்டும் கம்மியாப் போடுங்க என்று சொல்லிவிட்டாராம். அப்புறம் வாய் வரவில்லை.

"நாள் பூரா போன்ல இதைத்தானே கேக்கறேன். அது வேணாம், இது இப்படி வேணும்னு நச்சரிக்கிறவங்க குரல். லைனை வெச்சதும் நாங்க எல்லாரும் சிரிப்போம். நானும் அப்படி ஒருத்தனா நிக்க முடியல."

இவருக்குத் தொலைபேசி நிறுவனத்தில் வாடிக்கையாளர் புகார் கேட்கிற வேலை. அது எனக்குத் தெரியும். அங்கே சிரிப்பார்கள் என்பது தெரியாது.

நான் பாத்ரூம்ல கிடந்தப்போ வெந்நீர் கொண்டுவந்தியே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே என்றேன். சாஸ்தான் காரணம் என்று தான் நம்பவே இல்லை என்றார். நடுவில் ஒரு வாரம் எனக்கு ஒன்றும் ஆகவில்லையே, அதனால். வேறு எங்கேயோ நான் திருட்டுத்தனமாக எதையோ சாப்பிடுகிறேன் என்று நினைத்தாராம். நான் வந்து சொன்னதைக் கேட்டால் டாக்டரம்மாவும் அப்படித்தான் நினைக்கிற மாதிரி இருந்ததாம்.

"என் பையைத் துழாவினது நீதானா?"

"பிஸ்கெட் கிஸ்கெட் இருக்கான்னு பார்த்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பயங்கரமான சிரிப்பு. பக்கத்து மேசையில் திரும்பிப் பார்த்தார்கள். நான் கடையைச் சந்தேகப்பட்டேன், கடைக்காரி பொய் சொல்கிறாள் என்றேன், பெருங்காயத்தைக்கூட விடவில்லை. இவர் உட்கார்ந்து என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறார். சந்தேகப்படாமல் விட்டது இவரை ஒருத்தரைத்தான், நான்.

பஸ்ஸில் தனியாக வந்தேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

 இவர் கஞ்சி வைத்தார். நான் வேறு பாத்திரத்தில் எனக்கு வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

அம்மா போனில், குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்றாள். சளி என்றேன். இப்போது நானும் பொய்.

ஏப்ரல் 23, புதன்

டாக்டரம்மா. இவர் தானும் வருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லத் தெம்பில்லை. ஆட்டோவில் எங்களுக்கு நடுவில் பையை வைத்துக்கொண்டு வந்தேன்.

வெளியே சாப்பிடுவதுண்டா என்று கேட்டார் டாக்டரம்மா. நான் கடைக்காரர்கள் ஏதோ குளறுபடி செய்துவிட்டார்கள் என்று ஆரம்பித்தேன். ஏன் அப்படி ஆரம்பித்தேன்? யாரைக் காப்பாற்ற? வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது என்று வாய் தானாக வேலை செய்கிறது.

"கடை மேல தப்பு இல்ல டாக்டர். நான்தான் சொல்லல" என்றார் இவர். "இவ தப்பா எதுவும் சாப்பிடல. எழுதிக்கோங்க."

டாக்டரம்மா திட்டவில்லை. ஒரு துளி போனால் உள்ளே என்ன ஆகும் என்று ஒரு தாளில் குடலை வரைந்து காட்டினார். ஒரு வாரம் ஒன்றும் தெரியாவிட்டால் ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம் இல்லை, புண் ஆகிக்கொண்டேதான் இருக்கும் என்றார். இவர் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வரும்போது பையை மடியில் வைத்துக்கொண்டேன். மன்னித்தேன் என்று இல்லை. நடுவில் இருந்தால் வழுக்குகிறது.

மே 10, சனி

இனி வெளியே சாப்பாடு கிடையாது என்று நான் சொல்லி வாரங்கள் ஆகின்றன. இன்று நானாகவே விளக்குக்கடைக்குப் போகலாம் என்றேன். வரிசையில் நானே நின்றேன். என் வியாதியை என் வாயால் சொன்னேன். அந்த மேலாளர் பெண் இருந்தாள். அன்று எழுந்து போனதற்கு வருத்தம் சொன்னேன். பரவாயில்லை மேடம் என்றாள். மஞ்சள் தட்டு வந்தது. முதல் வாயைக் கொஞ்சமாக எடுத்து வைத்தேன்.

இவர் கொஞ்சம் தள்ளி நின்றார். பக்கத்தில் வந்து நின்றிருக்கலாம். நான் கூப்பிடவும் இல்லை.

ஜூன் 18, புதன்

அளவு இறங்கியிருக்கிறது. பாதிக்கும் கீழே. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றவில்லை.

ஜூலை 7, திங்கள்

வண்டி. பக்கத்தில் ஒரு மேற்பார்வையாளர், ஒரு வாரத்துக்கு அப்படித்தான். சுரங்கத்துக்குள் நுழைந்ததும் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. கொஞ்சம் சதை போட்டிருக்கிறேன். கதவு மூடும் மணி அடித்ததும் என் கை தானாக லீவருக்குப் போனது.

ஜூலை 19, சனி

விசில் அக்கா இடம் மாறிப் போகிறாள். அதற்கு விருந்து, எல்லோரும் குடும்பத்தோடு. அவள் தேர்ந்தெடுத்தது பெல்ட்டில் தட்டுத் தட்டாகச் சோற்று உருண்டை ஓடிவருகிற ஜப்பான் சுஷிக் கடை. நான் போனதே இல்லை. போகும் முன்பே பயம். நண்டு என்று வைப்பது பாதி நேரம் நண்டே இல்லை, மீனை அரைத்து மாவு சேர்த்துப் பிடித்தது. சோற்றில் கலக்கும் வினிகர் எதில் செய்ததோ. எல்லாம் ஒரே பெல்ட்டில் வேறு வருகிறது.

காலையில் இவர் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய் கதவைச் சாத்திக்கொண்டார். ரொம்ப நேரம். கதவைச் சாத்திக்கொண்டு பேச இவருக்கு யார் இருக்கிறார்கள்? வந்ததும் யார் என்று கேட்டேன். ஆபீஸ் என்றார். சனிக்கிழமை என்ன ஆபீஸ்? காது மடல் வேறு சிவந்திருந்தது. மறுபடியுமா? பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கடையில் உட்கார்ந்ததும் பரிமாற வந்தவரைக் கூப்பிட்டு என் கேள்விகளை ஆரம்பித்தேன். இரண்டாவது கேள்வியிலேயே அவர் சிரித்துவிட்டார்.

"காலைல ஒரு சார் போன்ல இதையேதான் கேட்டார் மேடம். நண்டுல மாவு சேருமா, வினிகர் எதுல செஞ்சது, கத்தி தனியான்னு. தெரியாதுன்னு சொன்னா விடமாட்டேங்கறார். லைன்லயே இருக்கேன், உள்ள போய்க் கேட்டுட்டு வாங்கன்னார்."

நான் இவரைப் பார்த்தேன். இவர் பெல்ட்டில் போகிற தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி. இப்ப எனக்கு ஒரு தடவை சொல்லுங்க" என்றேன்.

அவர் முதலிலிருந்து சொன்னார். மற்றவர்கள் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள், அக்கா ஏற்கெனவே மூன்றாவது தட்டில் இருந்தாள். இவர் மட்டும் சாப்பிடுகிற குச்சியைப் பிரிக்காமல் என்னோடு சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சொல்லி முடித்து நகரப் போனபோது, நான் கேட்க மறந்ததை இவர் கேட்டார்.

"பொரிக்கிற எண்ணெய்?"

எண்ணெய் ஒன்றுதான் என்றார் அவர், எல்லாவற்றுக்கும். அப்படியானால் பொரித்தது எதுவும் எனக்கு வேண்டாம் என்றேன். இவர் தலையாட்டிவிட்டு, அப்புறம்தான் குச்சியைப் பிரித்தார்.